கித்தார் பிடிக்கும் கையும் பாடத் தயங்கும் குரலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரை)



இன்றைய தலைப்பு, புதிதாகக் கித்தார் கற்றுக்கொண்டு அதோடு சேர்ந்து பாடுவது எப்படி என்பது. கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எத்தனையோ வீடுகளில், அலமாரிக்கு மேலோ கட்டிலுக்கு அடியிலோ, உறை போட்ட கித்தார் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளை கேட்டான் என்று வாங்கிக் கொடுத்தது. இரண்டு மாதம் ஆர்வமாக மீட்டினான். பிறகு விரல் வலித்தது. தேர்வு வந்தது. பாடிப் பார்த்தபோது வீட்டில் யாரோ சிரித்தார்கள். அதோடு கித்தார் உறைக்குள் போய்விட்டது.

உறைக்குள் போவது மரப்பெட்டி மட்டும் என்றால் பெரிய இழப்பு இல்லை. அதோடு ஒரு மனிதனின் குரலும் உள்ளே போய்விடுகிறது. "எனக்கு இசை வராது" என்ற முடிவை 13 வயதில் எடுத்துவிட்டு, 50 வயதிலும் அதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதையும், தொடக்க மாதங்களைத் தாண்டும் வழி என்ன என்பதையும் இந்த உரை எடுத்துச் சொல்கிறது.

இந்த மண்ணுக்குப் புதியதல்ல

கித்தார் என்றால் மேலைநாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் இந்த வட்டாரத்தில் அதற்கு அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட வேர் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதைப் பார்த்த, கேள்விப்பட்ட இளையர்கள் தெருவுக்குத் தெரு கித்தார் குழு அமைத்தார்கள். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் பள்ளி மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' என்ற குழு, 1964இல் வெளியிட்ட இசைத்தட்டின் மூலம் சிங்கப்பூர் வரிசைப் பட்டியலில் பீட்டில்ஸ் பாடலையே பின்னுக்குத் தள்ளியது.

மலாய் இளையர்களும் அதே காலத்தில் 'பொப் யே யே' என்ற புதிய பாணியை உருவாக்கினார்கள். அந்தக் குழுக்களுக்கு வழங்கிய பெயர் 'குகிரான்'. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. துள்ளல் கித்தார் குழு என்று தமிழில் சொல்லலாம். அவர்களில் பெரும்பாலோர் இசைப் பள்ளிக்குப் போனவர்கள் அல்லர். நண்பனின் விரலைப் பார்த்தும், இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் கற்றுக்கொண்டவர்கள்.

தமிழ்த் திரையிசைக்கும் கித்தாருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றபோது வயது இருபதுகளின் நடுப்பகுதி. ஜி.கே. வெங்கடேஷின் இசைக்குழுவில் அவர் கித்தார் வாசித்தார். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்ததெல்லாம் அதன் பிறகுதான். 1980இல் வெளிவந்த 'மூடுபனி' படத்தில் பிரதாப் போத்தன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு பாடும் காட்சியையும், அதற்கு யேசுதாஸ் கொடுத்த குரலையும் நினைவில் வைத்திருக்கும் தமிழர்கள் இன்றும் பலர். அந்தக் காட்சியைப் பார்த்துக் கித்தார் கேட்டு அடம்பிடித்த ஒரு தலைமுறை இப்போது பிள்ளைகளுக்குக் கித்தார் வாங்கித் தரும் வயதில் இருக்கிறது.

கூடம் கோணலா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. கித்தார் விஷயத்தில் சில சமயம் கூடமே கோணலாக இருப்பதும் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்குத்தானே, மலிவாக ஒன்று போதும் என்று பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். மலிவு குற்றமில்லை. கம்பி கழுத்துப் பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். அது அதிக உயரத்தில் இருந்தால் தேர்ந்த கலைஞருக்கே விரல் நோகும். பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளைப் பிரெட் என்பார்கள். வீணையில் உள்ள மெட்டு போன்றது. பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேல், உலோகக் கம்பிக் கித்தாரில் இடைவெளி இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நைலான் கம்பிக் கித்தாரில் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கடைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் இதைச் செய்யாததால் இசையை விட்டவர்கள் பலர்.

நைலானா உலோகமா என்ற கேள்வியும் வரும். நைலான் கம்பி விரலுக்கு மென்மையானது. ஆனால் கழுத்து அகலமாக இருக்கும், சிறிய கைக்கு எட்டாது. உலோகக் கம்பிக்குக் கழுத்து ஒடுக்கமானது, ஓசை கணீரென்று வரும், ஆனால் முதல் மாதம் கடிக்கும். சிறு பிள்ளை என்றால் சிறிய அளவில் செய்த நைலான் கித்தார், பெரியவர் என்றால் விருப்பம் போல ஏதேனும் ஒன்று. ஆறு வயதுப் பிள்ளையிடம் முழு அளவுக் கித்தாரைக் கொடுப்பது, அப்பாவின் காலணியைப் போட்டு ஓடச் சொல்வதற்குச் சமம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் ஈரக்காற்று. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கித்தார் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதோ 45 முதல் 55 விழுக்காடு வரை. ஈரம் ஏறினால் மரம் உப்பும், முகப்புப் பலகை மேலெழும், கம்பியின் உயரம் கூடும். உலோகக் கம்பி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைப்பதும், உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைப்பதும் பழக்கமாக வேண்டும். மதிய வெயிலில் காருக்குள் விட்டுவைத்தால் ஒட்டிய பசையே இளகிவிடும்.

விரலின் முதல் மாதம்

கித்தாருக்கு ஆறு கம்பிகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுரம் சேர்க்க வேண்டும். மெல்லியது முதல் கம்பி, தடித்தது ஆறாவது கம்பி. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி செயலி ஒன்றே இதற்குப் போதும். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகே வாசிக்கத் தொடங்க வேண்டும். சுருதி விலகிய கித்தாரில் பழகுபவர், கை சரியாக இருந்தும் ஓசை கெட்டதால் "நமக்கு வரவில்லை" என்று நினைத்துவிடுவார்.

இடக்கை விரல்களின் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலைப் பிரெட்டின் மேல் வைக்கக் கூடாது, அதற்குச் சற்றே பின்னால் வைக்க வேண்டும். அங்கே வைத்தால் பாதி பலத்தில் தெளிவான ஓசை வரும். தொடங்குபவர்கள் பலர் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள். வலிக்கும் பாதிக் காரணம் அதுதான்.

விரல் நுனி வலிப்பது இயல்பு. அன்றாடம் பழகினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் நுனித்தோல் தடித்துவிடும், வலி தானாக அடங்கும். ஆனால் மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அது இயல்பான வலி அன்று. உடனே நிறுத்தி, உட்காரும் விதத்தையும் கை வளைவையும் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நுனி வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், மூட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எவ்வளவு நேரம் பழகுவது? ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் பழகுவதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் பழகுவது பலன் தரும். கை கற்றுக்கொள்வது இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யும்போதுதான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கே பொருந்தும். கித்தாரை உறையில் போட்டு மூடாமல், கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் தானாகவே கிடைக்கும்.

ஐந்து கோர்டு போதும்

பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கோர்டு என்பார்கள். சுரக்கூட்டு என்று தமிழில் சொல்லலாம். முதலில் ஈ மைனர். ஐந்தாவது, நான்காவது கம்பிகளை இரண்டாவது பிரெட்டில் இரண்டு விரலால் அழுத்தினால் போதும், ஆறு கம்பியையும் மீட்டலாம். அடுத்து ஏ மைனர். ஏ மைனரிலிருந்து சி கோர்டுக்குப் போக ஒரே ஒரு விரலை நகர்த்தினால் போதும். மற்ற இரண்டு விரலும் அங்கேயே இருக்கும். பிறகு ஜி, டி. இந்த ஐந்தும் கைவந்தால் எளிய பாடல்களுக்கு எவ்வளவோ தூரம் போகலாம்.

கோர்டைப் பிடிப்பது கடினமன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தவறாமல் மாறுவதுதான் கடினம். அதற்கு ஒரு நிமிடப் பயிற்சி உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இரண்டே இரண்டு கோர்டுகளுக்கு இடையே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் நாள் பத்து வரும். எண்ணிக்கையைக் குறித்துவைத்தால் வாரந்தோறும் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். முப்பது தாண்டினால் அந்த இரண்டு கோர்டை வைத்துப் பாடத் தொடங்கலாம்.

எஃப் கோர்டு வரும்போதுதான் பலர் விழுகிறார்கள். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய கோர்டு அது. மூன்று மாதத்திற்குள் வராவிட்டால் அவமானமில்லை. எஃப் மேஜர் செவன் என்ற எளிய வடிவம் அதற்கு மாற்றாகப் பல பாடல்களில் பொருந்தும். மூன்றே விரலில் பிடித்துவிடலாம். கதவு திறக்கவில்லை என்று வீட்டைவிட்டே போவானேன், பக்கத்துக் கதவால் நுழைந்துவிட்டு அந்தக் கதவைப் பிறகு திறந்துகொள்ளலாம்.

கித்தாரே தம்பூரா

இனிக் குரலுக்கு வருவோம். சுருதியே அறவே உணர முடியாத செவி உள்ளவர்கள் மிகச் சிலர். "எனக்குக் குரல் இல்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இல்லாதது குரலன்று, கேட்டுச் சேரும் பழக்கம். பாடுவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்ட சுரத்தை முனகிப் பார்க்க வேண்டும். முனகியது சேர்ந்தால் வாயைத் திறக்க வேண்டும். பாட்டு வாத்தியார்கள் தம்பூராவை மீட்டிவிட்டு 'ச' பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கித்தார் வைத்திருப்பவருக்குத் தனியாகத் தம்பூரா வேண்டியதில்லை. நான்காவது கம்பியான டியை 'ச' என்று வைத்தால், ஐந்தாவது கம்பியான ஏ கீழ்ப் பஞ்சமமாகிறது. இரண்டையும் அழுத்தாமல் மாறி மாறி மெதுவாக மீட்டினால் இரண்டு கட்டைச் சுருதி தயார். பெண்களுக்கு மூன்றாவது கம்பியான ஜியை 'ச' என்றும், நான்காவது கம்பியைக் கீழ்ப் பஞ்சமமாகவும் வைக்கலாம். அது ஐந்து கட்டை. இந்த ஓசையின் மேல் கண்ணை மூடிக்கொண்டு 'ச', 'ப', மேல் 'ச' என்று ஐந்து நிமிடம் நின்று பாடுவது, பத்துப் பாடல்களைக் கத்திப் பாடுவதைவிட மேலானது. கோர்டு ஒன்றுகூடத் தெரியாத முதல் நாளிலேயே இதைச் செய்யலாம்.

நிமிர்ந்து உட்கார வேண்டும். கித்தாரின் மேல் கவிழ்ந்து விரலைப் பார்த்துக்கொண்டே பாடினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், குரல் அமுங்கும். விரலைப் பார்க்காமல் கோர்டு மாறும் வரை பாடாமல் இருப்பதே நல்லது.

கட்டையும் கேப்போவும்

புதியவர்கள் பலர் குரல் உடைந்துபோகும் இடம், திரைப்பாடலை அதன் மூலச் சுருதியிலேயே பாட முயலும்போது. பின்னணிப் பாடகர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய உச்சங்களில் ஏறுவார்கள். அதே உச்சத்தில் வீட்டுக் குரல் கீச்சிடுவது இயற்கை. அதைக் கேட்டுச் சிரிப்பது அறியாமை.

பாட்டில் மிக உயர்ந்த சுரம் எங்கே வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது அனுபல்லவியிலோ சரணத்திலோ இருக்கும். அந்த இடம் தொண்டையை இறுக்காமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பக் கட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்லவி சுகமாக இருக்கிறது என்று தொடங்கிவிட்டுச் சரணத்தில் மாட்டிக்கொள்பவர்களே அதிகம்.

ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. கித்தாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற சிறு கவ்வி, ஒவ்வொரு பிரெட்டுக்கும் அரைச் சுரம் உயர்த்தித் தரும். ஜி வடிவத்தில் வாசிப்பவர் முதல் பிரெட்டில் கேப்போவை மாட்டினால் ஐந்தரைக் கட்டை. சி வடிவத்தில் வாசிப்பவர் அதே இடத்தில் மாட்டினால் ஒன்றரைக் கட்டை. கேப்போவால் உயர்த்தத்தான் முடியும், தாழ்த்த முடியாது. ஒரு கட்டைக்குக் கீழே போக வேண்டுமானால் வடிவத்தை மாற்ற வேண்டும். ஜி வடிவத்தைப் பிடித்து இரண்டாவது பிரெட்டில் கேப்போ மாட்டினால் ஏ கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டவர் பாட்டைத் தன் குரலுக்குக் கொண்டுவந்துவிடுவார், குரலைப் பாட்டுக்குப் பின்னால் ஓடவிட மாட்டார்.

பதின்ம வயது ஆண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். குரல் உடையும் பருவத்தில் நேற்றுப் பாடிய சுருதி இன்று வராது. அது நோயும் அன்று, திறமைக் குறைவும் அன்று. அந்த மாதங்களில் தாழ்ந்த சுருதியில் மென்மையாகப் பாடிக்கொண்டு, கையைத் தேற்றிக்கொள்ளலாம். குரல் நிலைபெற்றதும் கை காத்திருக்கும்.

கையும் வாயும் சண்டை போடும்போது

தனியாக மீட்டினால் கை சரியாக ஓடுகிறது. தனியாகப் பாடினால் பாட்டும் சரியாக வருகிறது. இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கவிழ்கின்றன. எல்லாருக்கும் நேர்வதுதான் இது. கை போவது தாளத்தோடு, வாய் போவது சொற்களோடு. பாடத் தொடங்கியதும் கை தாளத்தை விட்டுவிட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மீட்டு என்று சொல்லின் பின்னால் போய்விடுகிறது. சிக்கல் என்ன என்று தெரிந்தால் தீர்வும் தெரியும்.

முதல் படி, கையைக் கவனிக்காமலே ஓடவிடுவது. ஒரே கோர்டை மேலும் கீழுமாக மீட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லும்போது கை நிற்காமல் இருந்தால் தேர்ச்சி. இரண்டாவது படி, ஒரு தாள வட்டத்துக்கு ஒரே ஒரு மீட்டு. கோர்டு மாறும் இடத்தில் மட்டும் மீட்டிவிட்டுப் பாட்டைப் பாடுவது. மூன்றாவது படி, பாடல் வரிகளைத் தாளில் எழுதி, எந்த எழுத்தின் மேல் கோர்டு மாறுகிறதோ அந்த எழுத்தின் தலையில் குறியிடுவது. நான்காவது படியில்தான் முழு மீட்டு. நான்கு படியையும் தாண்டச் சில வாரம் பிடிக்கும். முதல் படியைத் தாண்டாமல் நான்காவதில் குதிப்பவர்தான் "இரண்டும் சேர்ந்து வரவில்லை" என்று கித்தாரை உறையில் போடுகிறார்.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. பல பாடல்கள் தாளத்தின் முதல் தட்டில் எடுக்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும். கை முதலில் மீட்ட வேண்டும், குரல் ஒரு கணம் பொறுத்துத் தொடங்க வேண்டும். காலால் தரையில் தட்டி, எட்டு எண்ணி, எந்த எண்ணில் சொல் விழுகிறது என்று பார்த்தால் புரியும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் மேலை முறையில் நான்கு நான்காக இரண்டு பகுதி. திஸ்ர நடையில் அமைந்த பாடல் மூன்று மூன்றாக ஓடும். அதற்கு முதல் மீட்டை அழுத்தி, அடுத்த இரண்டை இலேசாக மீட்டினால் போதும்.

எந்தப் பாட்டுக்கு எந்தக் கோர்டு?

இணையத்தில் கிடைக்கும் தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களை வைத்தே அமைந்தவை. அதனால் பிள்ளைகள் கையில் கித்தார் வந்ததும் வாயிலிருந்து தமிழ் போய்விடுகிறது என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. ராகத்தைச் சிறிது தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அந்தக் குறையைப் போக்கலாம்.

சங்கராபரணச் சாயலில் அமைந்த பாடல் மேலை இசையின் மேஜர் வரிசைதான். ஜி, சி, டி மூன்றும் இயல்பாகப் பொருந்தும். மோகனத்துக்கு ஜியும் ஈ மைனரும் வைத்தே தொடங்கலாம். கீரவாணி என்றால் ஏ மைனர், டி மைனர், ஈ. ஆனால் தோடி, மாயாமாளவகௌளை போன்ற ராகங்களில் அமைந்த பாடலுக்கு இந்த எளிய கோர்டுகளை வலிந்து பொருத்தினால் ராகம் சிதைந்துவிடும். அவற்றுக்கு முன்னே சொன்ன தம்பூரா முறையே போதும். 'ச'வும் 'ப'வும் ஒலிக்க, குரல் தன் வழியே போகட்டும். பாட்டி சொல்லித்தந்த தாலாட்டும், கோவிலில் பாடும் பஜனைப் பாடலும் இப்படித்தான் முதலில் கித்தாரோடு சேரும். திரைப்பாடலில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை.

வயதும் விரலும் தடையல்ல

"எனக்கு வயதாகிவிட்டது" என்பவர்களுக்கு அமெரிக்காவின் எலிசபெத் காட்டனைச் சொல்லலாம். 1893இல் பிறந்த இவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரர்களுக்காகச் செய்த கித்தாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே கற்றுக்கொண்டார். குடும்பம் வந்ததும் வாத்தியத்தை வைத்துவிட்டார். பல பத்தாண்டுகள் தொடவில்லை. சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்தபோது, சுவரில் தொங்கிய கித்தாரை எடுத்து மீட்டியதுதான் இரண்டாவது தொடக்கம். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. கிராமி விருது கிடைத்தபோது தொண்ணூறைத் தாண்டிவிட்டார்.

"விரல் ஒத்துழைக்கவில்லை" என்பவர்களுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டி வீட்டில் பற்றிய தீயில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கின. மிஞ்சிய விரல்களுக்கு ஏற்பப் புதிய முறையைத் தாமே வகுத்து, ஜாஸ் உலகின் தலைசிறந்த கித்தார் கலைஞர்களில் ஒருவரானார். எல்லாரும் அவரைப் போல ஆக வேண்டும் என்பதன்று இங்கே சொல்ல வருவது. வாத்தியம் வளைந்து கொடுக்கும், மனிதர்தான் முதலில் கைவிடுகிறார் என்பதே.

வீட்டார் செய்ய வேண்டியது

புதிதாகப் பழகுபவரின் ஓசை இனிமையாக இருக்காது. ஒரே நான்கு அடியை நாற்பது முறை கேட்க வேண்டியிருக்கும். அடுக்குமாடி வீட்டில் அது அண்டை வீட்டுக்கும் கேட்கும். இரவு பத்து மணிக்குள் முடித்துக்கொள்வதும், கதவைச் சாத்திக்கொள்வதும், அடுத்த வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவைப்பதும் மரியாதை. நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் "ஏன் இப்படிக் கத்துகிறாய்" என்று கேட்கக் கூடாது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் நல்ல பாடகர்களை அடையாளம் காட்டுகின்றன. கூடவே ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகின்றன. பாடினால் மேடையில் பாட வேண்டும், பாடினால் மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அது. முன்பெல்லாம் தோட்டப்புறத்தில் பால் மரம் வெட்டும்போது பாடினார்கள், நாற்று நடும்போது பாடினார்கள், திருமண வீட்டில் நலங்கு வைக்கும்போது பாடினார்கள். அவர்களுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. பாட்டு வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்தது. இன்று வீட்டு விருந்தில் பாடச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

தேர்வு வரும்போது கித்தாரைப் பூட்டிவைக்கும் பெற்றோரும் யோசிக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் மீட்டுவதால் மதிப்பெண் குறைந்துவிடாது. ஆனால் ஆறு மாதம் பூட்டிவைத்தால் தடித்த விரல் நுனி மென்மையாகிவிடும், கோர்டு மறந்துவிடும், பிள்ளை மறுபடியும் முதல் நாள் வலியிலிருந்து தொடங்க வேண்டும். பலர் அந்த இரண்டாவது தொடக்கத்துக்குத் திரும்புவதேயில்லை.

சிங்கப்பூர்ப் பள்ளிகள் பலவற்றில் இணைப்பாட நடவடிக்கையாகக் கித்தார் குழு இருக்கிறது. சமூக மன்றங்களில் வகுப்பு இருக்கிறது. மலேசியாவில் பெரிய பட்டணங்களில் எல்லாம் இசைப் பள்ளிகள் உண்டு. ஆசிரியரிடம் முதல் சில மாதம் போவது, கை வைக்கும் முறையைத் திருத்திக்கொள்ளப் பெரிதும் உதவும். அதற்கு வசதியில்லாதவர்க்கு இணையக் காணொளி இருக்கிறது. ஆனால் காணொளி, மணிக்கட்டு வளைந்திருப்பதைப் பார்த்துச் சொல்லாது. மாதத்துக்கு ஒருமுறையாவது தெரிந்த ஒருவரிடம் கையைக் காட்டிவிட வேண்டும்.

ஆகவே, வீட்டில் கித்தார் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தால் இந்த வாரம் எடுத்துப் பார்க்கலாம். பழைய கம்பி துருப்பிடித்திருக்கும், புதுக் கம்பி மாற்ற வேண்டும். சுருதி சேர்க்க வேண்டும். நான்காவது கம்பியையும் ஐந்தாவது கம்பியையும் மெதுவாக மீட்டி, ஒரே ஒரு சுரத்தைச் சேர்த்துப் பிடித்தால் முதல் நாள் வேலை முடிந்தது. மறுநாள் ஈ மைனர். மூன்று மாதம் கழித்து ஒரு பிறந்தநாளில், தட்டுத்தடுமாறி, தாளம் ஓரிரு இடத்தில் தவறி, ஒரு முழுப் பாட்டு வரும். அதைக் கேட்பவர்கள் சிரிக்காமல் சேர்ந்து பாடினால் போதும். அந்த வீட்டில் கித்தார் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போகாது.